செங்கமாரி வந்தது கிருமியாலா, குளிசையாலா?

வடமராட்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 58. ஆறு வருடங்களுக்கு முன்னர் இரத்ததானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பது தெரியவந்து, கடந்த நான்கு வருடங்களாக அந்தக் கிருமியை அடக்கிவைக்கும் தெனோபோவிர் குளிசை எடுத்து வருகிறார். நீரிழிவும் உண்டு. மாசி மாதத் தொடக்கத்தில் வேலி அடைக்கும்போது கருக்குமட்டை காலைக் கிழித்து, காயம் சீழ் பிடித்ததால் தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் அன்ரிபயோட்டிக் கொடுத்தார்கள். தனக்குக் கிருமி இருப்பதை அவர் அங்கே சொல்லவில்லை. மாசி 3 முதல் 12 வரை மூன்று வேளையும் மனைவியே எண்ணிக் கொடுத்தார். காயம் வற்றத் தொடங்கியது. பங்குனி 1ஆம் திகதி உடம்பெல்லாம் கடி, 5ஆம் திகதி கண்கள் மஞ்சள், சலம் பிளேன்டீ நிறம். வைத்தியசாலையில் அனுமதித்து, சோதித்து, இப்போது வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "கிருமி கிளம்பிவிட்டது" என்கிறார் ஒருவர். மருந்துக்கடையில் வேலை செய்யும் உறவினர் தெனோபோவிரை நிறுத்தச் சொல்கிறார். மாமி கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கிறார். கனடாவில் இருக்கும் மகன், பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு, இப்படியானவர்களில் பத்தில் ஒருவர் இறந்துவிடுவார் என்று இணையத்தில் வாசித்ததாகச் சொல்லித் தொலைபேசியில் அழுகிறான். இனி வாழ்நாளில் இவர் அன்ரிபயோட்டிக் தொடக்கூடாதா என்று கேட்டுவிட்டு, சகோதரி கடைசியாக எழுதிய வரி இது: "நான் எண்ணிக் கொடுத்த குளிசைதான் இதைச் செய்ததா?"

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளை விட அதுதான் உங்களை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. நீரிழிவுள்ள ஒருவரின் காலில் சீழ் பிடித்த காயத்துக்கு அன்ரிபயோட்டிக் கட்டாயம் தேவை. வலி குறைந்ததும் மூன்றாம் நாளே விட்டுவிடாமல், சொன்ன நாள் முடியும் வரை கொடுத்தது சரியான காரியம். கொடுக்காமல் விட்டிருந்தால் இன்று நீங்கள் ஈரலைப் பற்றி அல்ல, விரலை எடுப்பதா காலை எடுப்பதா என்று கேட்டு எழுதியிருக்கக்கூடும். ஆம், நீங்கள் அனுப்பிய விபரங்களைப் பார்க்கையில் இது அந்தக் குளிசையால் வந்ததாகவே பெரிதும் தோன்றுகிறது. ஆனால் யாருக்கு வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத அரிய விளைவு அது. உங்கள் கை செய்த பிழை அதில் எதுவுமில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டது என்று உறுதியாகச் சொல்லித்தரும் இரத்தப் பரிசோதனை உலகில் எங்குமே கிடையாது. எந்த மருந்து, எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடிந்தது, முதல் அறிகுறி எப்போது வந்தது என்ற நாட்கணக்கையும், மற்றக் காரணங்கள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டதையும் சேர்த்து வைத்துத்தான் நாங்கள் முடிவுக்கு வருகிறோம். நீங்கள் கலண்டரில் குறித்து வைத்த அந்தப் பத்து நாட்கள் இல்லாவிட்டால் இந்தப் பதிலின் பாதியை என்னால் எழுதியிருக்க முடியாது.

பல வருடங்களுக்கு முன்னர் நான் ஒரு வைத்தியசாலை விடுதியில் பணியாற்றியபோது, இதே கிருமியுள்ள முதியவர் ஒருவரை மஞ்சள் பூத்த கண்களோடு கொண்டுவந்தார்கள். மகள் தன் கைப்பையிலிருந்து மூன்று சின்ன வெள்ளைக் கடதாசி உறைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் நீல மையால் 1 x 3, இன்னொன்றில் 1 x 2, மூன்றாவதில் "இரவு" என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் எதிலுமில்லை. உள்ளே எஞ்சியிருந்தது உடைந்த பாதிக் குளிசை ஒன்று. அது என்னவென்று கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாட்கள் எடுத்தன. அந்த நான்கு நாட்களும் அவருடைய கிருமிக்கே பழி போட்டுக்கொண்டிருந்தோம். அவர் பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: உறையில் பெயர் எழுதித் தரும்படி கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவல்ல. நீங்கள் டிஸ்பென்சரிக்குத் திரும்பிப் போய், அது கோ-அமொக்சிக்ளேவ் 625 மில்லிகிராம் என்று கேட்டு எழுதி வந்தது மிகப் பெரிய உதவி.

கோ-அமொக்சிக்ளேவ் என்பது அமொக்சிசிலினும் கிளவுலனிக் அமிலமும் சேர்ந்த குளிசை. ஈரலைத் தாக்கும் அன்ரிபயோட்டிக்குகளில் உலக நாடுகளின் பதிவேடுகள் பலவற்றில் முதலிடம் இதற்குத்தான். அப்படிச் சொன்னதும் பயந்துவிட வேண்டாம். அது முதலிடத்தில் நிற்பதற்கு ஒரு காரணம், அவ்வளவு பெருந்தொகையானோர் அதை எடுக்கிறார்கள் என்பதே. ஐஸ்லாந்தில் நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, எடுத்தவர்களில் ஏறத்தாழ 2,350 பேருக்கு ஒருவருக்கு இப்படி வந்தது. பெரும்பாலும் குற்றவாளி கிளவுலனிக் அமிலம். அமொக்சிசிலின் தனியாக ஈரலைத் தாக்குவது மிக அரிது. வயது கூடிய ஆண்களுக்கே அதிகம் வருகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியை நெறிப்படுத்தும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் சில வகைகளோடு பிறந்தவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பதால் இந்தக் குளிசை கூடுதலாகத் தாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே "கிருமி இருக்கிறவனுக்கு இதைக் கொடுத்துவிட்டார்கள்" என்று வீட்டில் பேசிக்கொள்வது நியாயமல்ல. கிருமி இல்லாத உங்கள் அயலவருக்கும் இது வந்திருக்கலாம்.

இந்தக் குளிசையின் இன்னொரு குணம் பலரை ஏமாற்றுகிறது. மருந்து உடம்பில் இருக்கும்போது அல்ல, முடிந்து பல நாட்கள் போன பிறகே செங்கமாரி தலைகாட்டுவது இதில் வழமை. தொடங்கிய நாளிலிருந்து சராசரியாக மூன்று வாரமளவில், சிலருக்கு எட்டு வாரம் வரை கழித்தும் வரும். உங்கள் கணவருக்குக் கடி தொடங்கியது முதற்குளிசையிலிருந்து 26ஆம் நாள், கடைசிக் குளிசையிலிருந்து 17ஆம் நாள். "அந்த மருந்துதான் எப்போதோ முடிந்துவிட்டதே" என்று விடுதியில் நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முடிந்துவிட்டது என்பது அதை விடுவிக்கும் சாட்சியல்ல. இந்தக் குளிசையைப் பொறுத்தவரை அதுவே அடையாளம்.

இனி நீங்கள் இணைத்த பரிசோதனைத் துண்டு. ஏ.எல்.ரி. 142, அதன் மேல் எல்லை 40. ஏ.எல்.பி. 486, மேல் எல்லை 120. கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் 6.4, மேல் எல்லை 1.2. ஏ.எல்.ரி. என்பது ஈரற் கலங்கள் உடையும்போது இரத்தத்தில் கசிவது, ஏ.எல்.பி. பித்தம் ஓடும் சிறு குழாய்கள் துன்பப்படும்போது ஏறுவது. முன்னது மூன்றரை மடங்கும் பின்னது நான்கு மடங்கும் ஏறியிருக்கின்றன. முதல் மடங்கை இரண்டாவதால் வகுத்தால் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இந்த எண் 5 அல்லது அதற்கு மேல் என்றால் கலங்கள் உடையும் வகை, 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் பித்தம் தேங்கும் வகை. உங்கள் கணவருடையது தெளிவாகப் பித்தம் தேங்கும் வகை, அதனால்தான் மஞ்சளுக்கு முன்னரே கடி வந்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமி கிளம்பினால் கதை வேறு: ஏ.எல்.ரி. பல நூறுகளுக்கும் சில வேளை ஆயிரத்துக்கும் ஏறும், ஏ.எல்.பி. அவ்வளவு அசையாது, அதற்கு முன்னரே இரத்தத்தில் கிருமியின் டி.என்.ஏ. அளவு உயர்ந்திருக்கும். உங்கள் துண்டில் டி.என்.ஏ. கண்டறியப்படவில்லை என்றே இருக்கிறது. தெனோபோவிர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, கிருமி கிளம்பவில்லை.

ஸ்கான் அறிக்கையில் பித்தக் கல் இல்லை, பித்தக் குழாய் விரியவில்லை என்று இருப்பதால் அடைப்பு என்ற சந்தேகமும் நீங்குகிறது. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்த நாளிலிருந்து, காய்ச்சலோடு கண் மஞ்சளாகும் எவரிடமும் நாங்கள் வயலையும் வெள்ளத்தையும் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. உங்கள் கணவருக்குக் காய்ச்சலோ தசை நோவோ இருக்கவில்லை, சிறுநீரகப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய தாள்களில் காணாதது ஒன்றே: ஹெபடைட்டிஸ் ஏ, ஈ என்ற மற்ற இரு கிருமிகளுக்கான பரிசோதனை. அமெரிக்காவில் மருந்தால் வந்தது என்று பதிவு செய்யப்பட்டவர்களின் இரத்தத்தை மீண்டும் சோதித்தபோது, நூற்றுக்கு மூவருக்கு உண்மையில் வந்திருந்தது ஹெபடைட்டிஸ் ஈ. செய்யப்பட்டதா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள், செய்யப்படாவிட்டால் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கனடாவில் இருக்கும் மகனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். தம்பி வாசித்தது பொய்யல்ல. மருந்தால் வரும் ஈரல் நோயை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஹைமன் சிமர்மன் என்ற அமெரிக்க வைத்தியர், ஏ.எல்.ரி. மூன்று மடங்குக்கு மேலும் பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் ஏறியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரை இழக்க நேரிடுகிறது என்று கண்டார். ஆனால் அந்த விதி கலங்கள் உடையும் வகைக்கு உரியது, ஏ.எல்.பி. இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் அதைப் பொருத்திப் பார்க்கக்கூடாது. தந்தையின் எண்களில் ஏ.எல்.ரி.யையும் பிலிருபினையும் மட்டும் பார்த்து ஏ.எல்.பி.யைப் பார்க்காமல் விட்டதால் வந்த பயம் அது. ஈரலின் உண்மையான வலுவைச் சொல்வது ஐ.என்.ஆர். என்ற இரத்த உறைவுக் கணக்கு, அது 1.1 என்று சாதாரணமாகவே இருக்கிறது. இரத்தத் தட்டுகளும் 2,30,000 என்று நன்றாக உள்ளன. ஈரல் சுருங்கிப்போனவரின் எண்கள் அல்ல இவை.

இருந்தாலும் உங்களிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் மருந்தால் ஈரல் பாதிக்கப்பட்ட 899 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், முன்னரே ஈரல் நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள். இல்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேர். ஈரல் நோய் என்று அங்கே சேர்க்கப்பட்டவர்கள் பலதரப்பட்டவர்கள், உங்கள் கணவரைப் போல மருந்தால் கிருமி அடங்கி ஈரல் நல்ல நிலையில் உள்ளவர்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அது கற்பிப்பதை நான் பாரதூரமாகவே எடுத்துக்கொள்கிறேன். நாட்பட்ட கிருமி உள்ளவரின் ஈரலுக்கு அடி அடிக்கடி விழும் என்பதல்ல அச்சம், விழுந்தால் தாங்கும் கையிருப்புக் குறைவாக இருக்கலாம் என்பதே. அதனால் பிலிருபின் இறங்கத் தொடங்கும் வரை வாரம் ஒரு முறை ஈரல் பரிசோதனையும் ஐ.என்.ஆர். உம் தேவை. பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சுத் தடுமாறுவது, பல்முரசில் இரத்தம் கசிவது, வயிறு வீங்குவது, நிற்காத சத்தி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும் வரை பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் இரண்டு மாதங்களில் மஞ்சள் இறங்கிவிடுகிறது. சிலருக்கு இன்னும் சில மாதங்கள் இழுக்கும். இதற்கென்று நோயை மாற்றும் மருந்து கிடையாது. குளிசையை நிறுத்தியதே சிகிச்சை. கடிதான் அவரை வாட்டும். வெந்நீர்க் குளிப்பைத் தவிர்த்து, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ மெல்லப் பூசி, நகத்தை வெட்டி வையுங்கள். தாங்க முடியாவிட்டால் பித்த உப்புகளைக் குடலில் பிடித்து வெளியேற்றும் கொலஸ்ரிரமீன் தூளைக் கிளினிக்கில் எழுதித் தரலாம். அதை மற்றக் குளிசைகளோடு சேர்த்துக் கொடுக்காமல் சில மணித்தியாலம் தள்ளிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் அது பிடித்துக்கொள்ளும்.

தெனோபோவிரை நிறுத்தச் சொன்ன உறவினரிடம் கோபிக்க வேண்டாம், ஆனால் அவருடைய சொல்லை ஒரு நாளும் கேட்க வேண்டாம். ஈரலுக்கு மஞ்சள் வந்தால் எல்லாக் குளிசையையும் நிறுத்த வேண்டும் என்பது நல்லெண்ணத்தில் பிறந்த பிழை. தெனோபோவிர் ஈரலைக் கெடுப்பது மிக மிக அரிது; அதைத் திடீரென நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கியிருந்த கிருமி மூர்க்கமாகக் கிளம்பக்கூடும். ஏற்கனவே துவண்டிருக்கும் ஈரலின் மேல் அந்த இரண்டாவது அடி விழுந்தால் என்ன நடக்கும் என்று எண்ணவே எனக்கு மனம் வரவில்லை. தெனோபோவிர் சிறுநீரகத்தைத்தான் சில வேளை தொடும். நீரிழிவும் இருப்பதால் கிரியற்றினின் பரிசோதனையைக் கிளினிக்கில் தவறாமல் செய்விக்க வேண்டும். நீரிழிவு, கொலஸ்திரோல் குளிசைகளில் எதைத் தற்காலிகமாக நிறுத்துவது என்பதைக் கிளினிக் வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

மாமியின் கீழ்காய்நெல்லியைப் பற்றி மரியாதையோடே எழுதுகிறேன். நம் ஊரில் செங்கமாரி என்றதும் கை தானாகவே அந்தச் செடியைத் தேடிப் போகும். ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பேர்க் அவர்களே சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே இனச் செடியை ஆராய்ந்திருக்கிறார். 1988இல் வெளியான அந்த ஆய்வில், செடியைப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் கிருமி மறைந்ததாகக் கண்டார்கள். உலகமே நிமிர்ந்து பார்த்தது. பின்னர் தாய்லாந்து உட்பட வேறிடங்களில் செய்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. நம் அம்மம்மாக்கள் கண்ட குணம் பொய்யல்ல: சிறுவயதில் வரும் செங்கமாரி பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ, அது எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சில வாரங்களில் தானே மாறும். இப்போது சாற்றை நிறுத்துங்கள் என்று நான் கேட்பது செடி நஞ்சு என்பதற்காக அல்ல. பங்குனி 6ஆம் திகதி அது தொடங்கிய நாளிலிருந்து நம் நாட்கணக்கில் இன்னொரு சந்தேகநபர் நுழைந்துவிட்டது. நாளை எண்கள் ஏறினால் யாரைக் கேட்பது? அத்தோடு, இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் ஈரலுக்கு இதமானதாகிவிடாது. கொரோனாக் காலத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து குடித்துச் செங்கமாரி வந்தவர்களைப் பற்றி 2021இல் மும்பாய் வைத்தியர்கள் எழுதினார்கள்.

பத்தியமும் அப்படித்தான். எண்ணெயில்லை, மீனில்லை, உப்பில்லை, கஞ்சியும் இளநீரும் மட்டும் என்று இரண்டு வாரமாக வைத்திருக்கிறீர்கள். காயம் ஆறவும் ஈரல் தேறவும் புரதம் வேண்டும். மீனும் முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள்; கொழுப்பு நிறைந்த சாப்பாடு ஒங்காளித்தால் அதை மட்டும் குறையுங்கள். இளநீரும் கஞ்சியும் மட்டும் என்றால் சீனியும் ஒருபக்கம் ஏறி இறங்கும். சாராயமும் கள்ளும் ஒரு சொட்டும் வேண்டாம். நோவுக்குப் பரசிற்றமோல் கொடுக்கலாம், நாளுக்கு 500 மில்லிகிராம் குளிசை நான்குக்கு மேல் போகாமல்.

இனி, அவர் டிஸ்பென்சரியில் கிருமியைப் பற்றிச் சொல்லாமல் விட்டது. "சொன்னால் காயத்தைத் தொட மாட்டார்கள் என்று பயந்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சொன்னதும் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்ட முகங்களைப் பற்றி என் கிளினிக்கில் அழுதவர்கள் இருக்கிறார்கள். அது எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் வெட்கப்பட வேண்டிய விடயம். சொல்லியிருந்தால் இது வந்திருக்காதா? வந்திருக்கலாம். சொல்லியிருந்தாலும் அந்தக் காயத்துக்கு அதே குளிசையை நான்கூட எழுதியிருக்கக்கூடும். மாறியிருக்கக்கூடியது வேறு. தொடங்கும்போதே ஈரல் பரிசோதனை ஒன்று எடுத்து வைத்திருப்போம், கடி வந்தால் அன்றே வரும்படி சொல்லி அனுப்பியிருப்போம், நான்கு நாள் பிந்தாமல் கண்டிருப்போம். ஸ்ரீரொயிட் குளிசை சேர்க்க வேண்டி வந்தாலும் யோசித்திருப்போம்; பிரெட்னிசொலோன் போன்றவற்றை நான்கு வாரத்துக்கு மேல் எடுப்பது, தெனோபோவிர் இல்லாத கிருமிக்காரரிடம் கிருமியைக் கிளப்பிவிடக்கூடியது.

வாழ்நாளில் அன்ரிபயோட்டிக் தொடக்கூடாதா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாகத் தொடலாம், கோ-அமொக்சிக்ளேவை மட்டும் ஒருபோதும் தொடக்கூடாது என்பது. அது கடைகளில் பல பெயர்களில் வருவதால் வணிகப் பெயரை நம்பாமல் உள்ளிருக்கும் இரு மருந்துகளின் பெயரைப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை எடுத்தால் விரைவாகவும் கடுமையாகவும் திரும்பி வரலாம். ஃபுளூக்ளொக்சசிலினும் இதேபோல் பித்தம் தேங்கச் செய்யக்கூடியது, இதைப்போலவே முடிந்த பின்னரும் வருவது. வேறு வழியிருக்கும்போது உங்கள் கணவருக்கு அதை எழுத நான் விரும்ப மாட்டேன். செபலெக்சின், டொக்சிசைக்கிளின் போன்றவை ஈரலைத் தாக்குவது மிகக் குறைவு. வயலில் இறங்கும் காலத்தில் எலிக்காய்ச்சலுக்கு வாராந்தம் கொடுக்கும் டொக்சிசைக்கிளினை அவர் தவிர்க்க வேண்டியதில்லை. அசித்ரோமைசினைப் பாதுகாப்பானது என்று எண்ணிச் சளிக்கும் தடிமனுக்கும் வாங்கி விழுங்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. மேலே சொன்ன 899 பேரின் ஆய்வில், முன்னரே ஈரல் நோய் உள்ளவர்களிடம் அதன் பங்கு மற்றவர்களை விடக் கூடுதலாகக் காணப்பட்டது. சாதாரணத் தடிமனுக்கு அது எதையும் செய்யாது என்பதால் இங்கே இழப்பு மட்டுமே உண்டு.

உங்களுக்கு நேரடியாகத் தேவையில்லை என்றாலும், இதை வாசிக்கும் வேறு யாருக்கோ தேவைப்படும் என்பதால் காசநோய் மருந்தைப் பற்றி ஒரு சொல். நாட்பட்ட ஹெபடைட்டிஸ் கிருமி உண்மையாகவே ஆபத்தைக் கூட்டுவது அங்கேதான். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் ஆகிய மூன்றும் ஈரலைத் தொடுபவை. ஹொங்கொங்கில் செய்த ஆய்வொன்றில், இந்த மருந்துகளை எடுத்த ஹெபடைட்டிஸ் பி கிருமிக்காரரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஈரல் பரிசோதனை கெட்டது, கிருமி இல்லாதவர்களில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. அதற்காகக் காசநோய்க்கு மருந்து எடுக்காமல் இருக்க முடியாது. தொடங்க முன்னர் கிருமிப் பரிசோதனை, தேவையானால் தெனோபோவிரைச் சேர்த்துத் தொடங்குதல், முதல் மாதங்களில் நெருக்கமான ஈரல் பரிசோதனை என்று நடத்தினால் பெரும்பாலானோர் சிகிச்சையை முடித்துவிடுகிறார்கள். சத்தியோ பசியின்மையோ வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டும்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் இப்படி எழுதுவியுங்கள்: "ஹெபடைட்டிஸ் பி, தெனோபோவிர் நிறுத்தக்கூடாது. கோ-அமொக்சிக்ளேவால் செங்கமாரி வந்தது, மீண்டும் கொடுக்கக்கூடாது." அதே இரு வரிகளைச் சின்ன அட்டையில் எழுதி அவருடைய பேர்சிலும் வையுங்கள், பல்லுக்குப் போனாலும் காயத்துக்குப் போனாலும் வாயால் சொல்லத் தயங்குகிறவர் அதை நீட்டினால் போதும். நீங்களும் பிள்ளைகளும் இதுவரை கிருமிப் பரிசோதனை செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். இல்லை என்று வந்தால் மூன்று தடவை போடும் தடுப்பூசி இருக்கிறது. 2003இலிருந்து இலங்கையில் குழந்தைகளுக்குப் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கிய ஊசி அது, அதற்கு முன்னர் பிறந்த உங்கள் மகனுக்குப் போட்டிருக்க வாய்ப்பில்லை. ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் இது தொற்றாது. சவர அலகையும் பல் துலக்கியையும் மட்டும் பகிர வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கடிதத்தில் கண்ணைப் பற்றியும் சலத்தைப் பற்றியும் ஈரலைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், காலைப் பற்றி "வற்றத் தொடங்கியது" என்பதோடு நின்றுவிட்டீர்கள். செங்கமாரி வந்த பரபரப்பில் எல்லோரும் காயத்தை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. இன்று பின்னேரம் வெளிச்சத்தில் அவரை இருத்தி, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். கருக்கின் முள் ஏதாவது உள்ளே ஒடிந்து நிற்கிறதா, ஓரம் கறுத்திருக்கிறதா, மணம் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆறாமல் இருந்தால் நாளைக் காலை டிஸ்பென்சரிக்கு அல்ல, வைத்தியசாலைக்கே கூட்டிச் செல்லுங்கள், கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள்.